ஆற்றைத் தாண்டிய ஆத்தாள் பெயர்

முன்னொரு காலத்தில், எந்தக் காலம், எந்த ஊர் என்று என்னைக் குடையாதீர்கள், ஒரு ராஜா இருந்தார். நல்ல ராஜாதான். கோபம் வந்தால் சீக்கிரம் தணிந்துவிடும். சிரிப்பு வந்தால்தான் தணியாது. அவருக்குத் திடீரென்று ஒரு நாள் ஓலை என்றாலே ஆகாமல் போயிற்று. எல்லாம் ஓர் ஆட்டால் வந்த வினை. எல்லைக் கோட்டைக்கு ஓலை கொண்டுபோன தூதன் வழியில் ஒரு சத்திரத்தில் கண்ணயர்ந்தான். இடுப்பில் செருகியிருந்த ஓலையை ஓர் ஆடு வந்து மென்று தின்றுவிட்டது. அவன் கோட்டைக்குப் போய், "மகாராஜா என்ன எழுதினார் என்று அந்த ஆட்டைத்தான் கேட்க வேண்டும்" என்று கையை விரித்தான்.

ராஜா முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு ரோசம் வந்தது. "இனி என் செய்தி ஓலையில் போகாது, வாயில்தான் போகும்! நாற்பது செய்தி ஒரே ஒரு முறை சொல்லப்படும். கேட்டவர் அரண்மனைக் குளத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, ஒன்றும் பிசகாமல் திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்பவர் ஆணோ பெண்ணோ, அவரே நம் சொல்தூதர்!" என்று முரசறைவித்தார்.

அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. பட்டமில்லாத எவராவது வாய் திறக்கப் போனால், கட்டியக்காரர் சங்கிலி முன்னே வந்து அவர் பெயரைக் கூவுவார், ஊரைக் கூவுவார், அந்த ஊராரைப் பற்றி உலகம் என்ன சொல்கிறதோ அதையும் கூவுவார். இதற்கு ஊர்ச்சொல் என்று பெயர். பட்டம் வாங்கிய பெரியவர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. அவர்கள் ஊரைப் பற்றி உலகம் ஒன்றுமே சொல்வதில்லை பாருங்கள்!

ஆற்றுக்கு அக்கரையில் சேற்றங்கரை என்று ஓர் ஊர். அதன் ஊர்ச்சொல் இது: "ஆற்றைத் தாண்டினால் சேற்றங்கரையானுக்கு ஆத்தாள் பேர் மறக்கும்." சேற்றங்கரையார் மறதிக்காரர்கள் என்று ராஜ்யம் முழுக்கப் பேச்சு. கொடுமை என்னவென்றால், அந்த ஊரின் ஈரத்துக்கு ஓலை ஒரு மழைக்காலம் தாங்காது, புழுத்துப்போகும். அதனால் அங்கே எல்லாம் வாயில்தான். எந்த வாய்க்காலில் யார் மீன்கூடு, எந்த வரப்பு யாருக்கு, எந்தக் கல்யாணத்தில் என்ன பேச்சு, அத்தனையும் மனப்பாடம். அதைக் காப்பதற்கென்றே ஊரில் ஒருத்தி இருப்பாள். ஆனால் உலகத்துக்கு அதெல்லாம் எதற்கு? பழமொழி எதுகை மோனையோடு இருக்கிறது, போதாதா!

ராஜாவின் விகடர் கொப்பையன் அந்தச் சேற்றங்கரைக்காரர்தான்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன் பிழைப்புத் தேடி இந்தச் சபைக்கு வந்தார். சங்கிலி ஊர்ச்சொல்லைக் கூவி முடித்ததும் ராஜா விளையாட்டாக, "அப்பனே, உன் ஆத்தாள் பேர் என்ன?" என்று கேட்டார். கொப்பையன் வாயைத் திறந்தார். பேர் வரவில்லை. நிஜமாகவே வரவில்லை! பெற்று வளர்த்தவள் பேர் அந்த ஒரு மூச்சு நேரம் எங்கோ போய் ஒளிந்துகொண்டது. சமாளிக்க வேண்டுமே என்று, "ஆற்றுக்கு அந்தப் பக்கம் இறக்கி வைத்துவிட்டு வந்தேன் மகாராஜா, திரும்பும்போது தூக்கிக்கொள்வேன்" என்று அடித்துவிட்டார். ராஜா சிம்மாசனத்திலிருந்து சரிந்து சிரித்தார். அன்றே விகடர் வேலை கிடைத்தது. அது முதல் திருநாள் தவறாமல் ராஜா அதே கேள்வியைக் கேட்பார். இவரும் புதிதாக ஒரு பதில் சொல்வார். கெண்டை விழுங்கிவிட்டது என்பார், ஓடக்காரனிடம் அடகு வைத்தேன் என்பார். சபை உருளும். முதல் நாள் மறந்தது நிஜம் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

சரி, கதைக்கு வருவோம். சொல்தூதர் சோதனைக்குப் பதினேழு பேர் வந்து, பதினேழு பேரும் குளத்தைச் சுற்றியதில் பாதிச் செய்தியைக் குளத்திலேயே போட்டுவிட்டுப் போனார்கள். பதினெட்டாவதாக ஒரு பெண் வந்து நின்றாள். கொப்பையனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவருடைய கூடப்பிறந்த தங்கை ஒச்சாயி! போன ஆடியில் ஆத்தாள் கண்ணை மூடிய பிறகு, ஊர்ப் பேச்சையெல்லாம் நெஞ்சில் காப்பவள் அவள்தான். அவளுக்கு நாற்பது செய்தி எம்மாத்திரம்?

சங்கிலி கூவினார். "சேற்றங்கரை ஒச்சாயி வருகிறாள்! ஆற்றைத் தாண்டினால் சேற்றங்கரையானுக்கு ஆத்தாள் பேர் மறக்கும்! கேட்டுக்கொள்வீராக!"

கீழ்மண்டபத்தில் நின்ற ஜனங்கள் கொல்லென்று சிரித்தார்கள். பிரதானி திருமேனிநாதர் நாற்பது செய்திகளைச் சொல்ல எழுந்தார். கொப்பையன் சொல் ராஜாவிடம் எடுபடுகிறதே என்று பன்னிரண்டு வருஷமாகப் பொருமிக்கொண்டிருக்கும் மனிதர் அவர். "அதற்கு முன் ஒன்று, பெண்ணே" என்றார் இனிக்க இனிக்க. "உன் தாயார் பெயரைச் சொல்."

ஒச்சாயி வாயைத் திறந்தாள். நின்றாள். அண்ணனைப் பார்த்தாள். அந்த முகத்தில் ஓடியது என்னவென்று கொப்பையனுக்குத் தெரியாதா? ஆத்தாள் பேர் அவளுக்கும் வரவில்லை.

பிரதானி நாற்பதையும் சொன்னார். ஒச்சாயி குளத்தைச் சுற்றி வந்தாள். எட்டுச் செய்தி சொன்னாள். ஒன்பதாவதில் நாக்கு ஒட்டிக்கொண்டது. தொண்டையைச் செருமினாள். மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். இந்த முறை ஆறோடு சரி. சபை அலைஅலையாகச் சிரித்தது.

"கொப்பையா!" ராஜா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இந்த நேரத்துக்கு உன் வேடிக்கைதான் பொருத்தம். உன் ஆத்தாள் பேர் என்ன?"

"இன்று வேடிக்கை வரவில்லை மகாராஜா" என்றார் கொப்பையன்.

அதையும் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார்கள். என்ன செய்வது, பன்னிரண்டு வருஷப் பழக்கம்.

பிரதானி கைகூப்பினார். "மகாராஜா, பழமொழி பொய்க்காது என்பதைக் கண்ணாரக் கண்டோம். சேற்றங்கரையார் எவரும் இனி இந்தச் சபையில் வாய் திறக்கக் கூடாது என்று செப்பேட்டில் பொறித்துவிடலாம். எவரும் என்றால் விகடரும்தான்."

"நாளைக் காலை அவளுக்கு இன்னொரு முறை கொடுங்கள் மகாராஜா" என்று கொப்பையன் எழுந்தார். "அவள் தவறினால் நானே உளியெடுத்துச் செப்பேட்டில் பொறித்துக் கொடுத்துவிட்டு ஆற்றைத் தாண்டிப் போகிறேன்."

பிரதானிக்கு உடனே சந்தேகம் வந்துவிட்டது. "விகடர் ஊர்ச்சொல்லை நிறுத்தப் பார்க்கிறார், மகாராஜா. அது நம் முன்னோர் வழக்கம். யாராயிருந்தாலும் ஊர்ச்சொல் கூவாமல் நாளை இந்தச் சபையில் வாய் திறக்கக் கூடாது என்று தாங்கள் ஆணையிட வேண்டும்."

"ஆணை!" என்றார் ராஜா.

"யாராயிருந்தாலுமா, மகாராஜா?" என்று கொப்பையன் பவ்வியமாகக் கேட்டார்.

"யாராயிருந்தாலும் என்றால் யாராயிருந்தாலும்தான். அதென்ன கேள்வி?"

கொப்பையன் குனிந்து வணங்கினார். பிரதானி மீசையைத் தடவிக்கொண்டார்.

சபை கலைந்ததும் தங்கையைத் தேடிப் போனார். குளத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒன்பதாவது என்ன, ஒச்சாயி?"

"எல்லைக் கோட்டைக்கு எண்ணெய் முப்பது குடம். பத்தாவது, வடக்கு வாசல் கதவுக்குப் புதுக் கீலு. பதினொண்ணாவது சொல்லவா? எல்லாம் இருக்குண்ணே, ஒண்ணும் எங்கயும் போகல. அங்க நிக்கும்போது மட்டும் என் காதுக்குள்ள அந்த ஆளு கூவுனதுதான் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. இந்த ஒண்ண மறந்துட்டா ஊரே மறதின்னு ஆயிருமே, ஆயிருமேன்னு நெனச்சு நெனச்சு, கையில இருந்தது நழுவிப்போச்சு."

கொப்பையன் பக்கத்தில் உட்கார்ந்தார். "எனக்கும் அப்படித்தான் ஆச்சு. முத நாளு."

"உனக்கு ஒரு நாளு ஆச்சு. அப்புறம் பன்னெண்டு வருசம் அந்தச் சோத்தத்தானேண்ணே தின்ன?" ஒச்சாயி திரும்பிப் பார்த்தாள். "இன்னிக்கு எல்லாரும் சிரிச்சது யாரு சொல்லிக்குடுத்த சிரிப்பு? நீ செஞ்ச விகடம் ஆத்தா காதுக்கும் வந்துச்சு. ஓடக்காரன் வந்து சொன்னான். கேட்டுட்டு, எம்மவன் கெட்டிக்காரன்னு சிரிச்சா. அப்புறம் மூணு நாளு யாரோடயும் பேசல."

கொப்பையன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார். அழுதார் என்றுதான் சொல்ல வேண்டும். விகடர் அழக் கூடாதா என்ன? அழுது முடித்து முகத்தைக் கழுவிக்கொண்டு எழுந்தார்.

"நாளைக்கு வா. புதுசா ஒண்ணும் கேட்டுக்க வேண்டாம். இருக்கிறத வச்சுக்க. மத்தத நான் பார்த்துக்கிறேன்."

நேரே கட்டியக்காரர் சங்கிலியிடம் போனார். விஷயத்தைக் கேட்டதும் சங்கிலிக்கு வெலவெலத்துவிட்டது. "ஐயோ விகடரே! பிரதானிக்குக் கூவினால் என் தோலை உரித்துவிடுவாரே!"

"கூவாவிட்டால் ஆணையை மீறியதற்கு ராஜா உரிப்பார். யார் கையால் உரிபட வேண்டும் என்று இப்போதே யோசித்து வைத்துக்கொள்ளும்."

சங்கிலி யோசித்தார். ராஜா கை பெரிய கை.

மறுநாள் காலை சபை கூடியது. வழக்கம்போல் முதலில் எழுந்தவர் பிரதானி. தினமும் ராஜாவின் முப்பத்திரண்டு பட்டங்களையும் மூச்சுவிடாமல் சொல்லிச் சபையைத் தொடங்கி வைப்பவர் அவர்தான். இருபது வருஷத்தில் ஒரு பட்டம் முன்பின் ஆனதில்லை. தூக்கத்தில் தட்டி எழுப்பினாலும் சொல்வார்.

வாயைத் திறக்கப் போனார். அதற்குள் சங்கிலி முன்னே குதித்தார்.

"மேட்டுத்தெரு திருமேனிநாதர் வருகிறார்! மேட்டுத்தெருவான் வாய் முதலை வாய், உள்ளே போனது வெளியே வராது! கேட்டுக்கொள்வீராக!"

கீழ்மண்டபம் ஒரு கணம் திகைத்தது. பிறகு ஓவென்று சிரிப்பு. மேட்டுத்தெருவார் எதையும் வாயில் போட்டுக்கொள்பவர்கள் என்பது ஊரில் எல்லா வீட்டு அடுப்படியிலும் பேசும் பேச்சுதான். சபையில் ஒலித்தது அன்றுதான் முதல் முறை.

பிரதானி சிவந்துபோய் ராஜாவைப் பார்த்தார். ஆணை ராஜாவுடையது. "ம், நடக்கட்டும்" என்பதுபோல் ராஜா கையசைத்தார்.

"ராஜாதி ராஜன்! ராஜ கம்பீரன்! ஏழு மலை கடந்தவன்! எட்டுத் திக்கும் ஆள்பவன்! எட்டுத் திக்கும்..." பிரதானி நிறுத்தினார். அடுத்த பட்டம் நாக்கு நுனியில் நின்றது. ஆனால் முன்னே இருநூறு முகங்கள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன, எதை விழுங்கப்போகிறார் என்று. விழுங்கக் கூடாது, விழுங்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே நான்கு பட்டங்களைத் தாண்டிப் போய்விட்டார்.

"முழுங்கிட்டாருடோய்!" என்று தூணோரத்திலிருந்து ஒரு குரல்.

பிரதானிக்கு வேர்த்துக் கொட்டியது. மறுபடி தொடங்கினார். இந்த முறை இன்னும் இரண்டு போயிற்று. கடைசிப் பட்டத்தையாவது கம்பீரமாகச் சொல்லி முடிப்போம் என்று கையை உயர்த்தினார். 'பகைவர்களுக்குச் சிங்கம்' என்பது அந்தப் பட்டம்.

"பகைவர்களுக்கு முதலை!" என்று முழங்கினார்.

சபை இடிந்தது. ராஜாவுக்கு வயிறு குலுங்கத் தொடங்கியது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். உடனே கொப்பையன் பாய்ந்து முன்னே வந்து, தன் வாயைத் தானே பொத்திக்கொண்டு, இன்னொரு கையால் சங்கிலியைக் காட்டினார். ஊர்ச்சொல் ஆகாமல் விகடரும் பேசக் கூடாது, ராஜாவும் பேசக் கூடாதல்லவா!

ராஜாவுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. "யாராயிருந்தாலும்" என்று தாம் சொன்னதும் நினைவுக்கு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சங்கிலியைப் பார்த்துத் தலையசைத்தார்.

சங்கிலி மண்டியிட்டார். ஆனாலும் கூவினார். "மகாராஜா வருகிறார்! ராஜாவுக்குச் சிரிப்பு வந்தால், நியாயம் எழுந்து போய்விடும்! கேட்டுக்கொள்வீராக!"

ஜனங்கள் வீட்டுக்குள் தாழிட்டுக்கொண்டு பேசுவதை ஒரு மனிதன் ராஜாவின் முகத்துக்கு நேரே கூவிவிட்டான். சங்கிலி கண்ணை மூடிக்கொண்டு தோலைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

ராஜா நிமிர்ந்து உட்கார்ந்தார். முதலை என்ற சொல் இன்னும் அவர் வயிற்றுக்குள் உருண்டுகொண்டிருந்தது. சிரித்தால் பழமொழி மெய்யாகிவிடும். மீசையை வாய்க்குள் இழுத்துக் கடித்தார். கண்டிப்பாக ஏதாவது தீர்ப்புச் சொல்ல வேண்டும். "இந்தச் சபை..." என்றார். எல்லாக் கண்ணும் அவர் உதட்டில். "இந்தச் சபையில்... யார் முதலில்..." தீர்ப்பு எங்கே போயிற்று? இருபத்தைந்து வருஷமாக நியாயம் சொன்ன வாய்க்கு ஒரு வாக்கியம் கூடவில்லை. சிரிக்கவும் முடியவில்லை, சிரிக்காமல் இருக்கவும் முடியவில்லை.

மெல்ல அவர் பார்வை ஒச்சாயி மேல் போய் நின்றது.

"பெண்ணே" என்றார், தணிந்த குரலில். "நேற்று உனக்கும் இப்படித்தான் இருந்ததா?"

அவள் பதில் சொல்லுமுன் சங்கிலி எழுந்தார். பாவம், கடமை. "சேற்றங்கரை ஒச்சாயி..." என்று தயங்கி இழுத்தார்.

"உரக்கக் கூவுங்கண்ணே!" என்றாள் ஒச்சாயி. "பெரிய பெரிய ஆளெல்லாம் வாங்கிக்கிட்டாங்க, எனக்கென்ன!"

சங்கிலி கூவினார். ஒருவரும் சிரிக்கவில்லை. நேற்றுச் சிரித்தவர்கள் எல்லாம் அடுத்து யார் ஊர் வருமோ என்று காலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"ஆமா மகாராசா, இப்படித்தான் இருந்துச்சு" என்றாள் ஒச்சாயி. "உங்களுக்கு ஒரு நாளு. எங்க ஊருக்குப் பாட்டன் முப்பாட்டன் காலத்துல இருந்து."

பிரதானி துள்ளி எழுந்தார். சங்கிலியும் எழுந்தார். "மேட்டுத்தெருவான் வாய் முதலை வாய்!" கூவி முடிந்த பிறகே பிரதானியால் பேச முடிந்தது. "சாக்குப்போக்கு வேண்டாம், மகாராஜா! சோதனை சோதனைதான். புதிதாக நாற்பது சொல்கிறேன்."

"புதுசு எதுக்குங்க?" என்றாள் ஒச்சாயி. "நேத்து சொன்னதையே சொல்றேன். ஒரு ராத்திரி தாண்டி இருக்கு, அதுவும் சேர்த்திதானே? ஆனா நான் சொல்றது சரியா தப்பான்னு சொல்ல, நேத்துக் கேட்டவங்க யாருக்காச்சும் ஞாபகம் இருக்கா?"

தளபதி மந்திரியைப் பார்த்தார். மந்திரி புரோகிதரைப் பார்த்தார். புரோகிதர் விட்டத்தைப் பார்த்தார். மறதிக்காரர் ஊர் எது என்று அங்கே கேட்டிருந்தால் சபை முழுக்கக் கைதூக்கியிருக்க வேண்டும்.

வேறு வழியில்லாமல் பிரதானி இடுப்புக் கச்சையிலிருந்து மெதுவாக ஓர் ஓலைச்சுருளை உருவினார். ராஜாவின் புருவம் ஏறியது. ஒச்சாயி கண்ணை மூடிக்கொண்டாள். குளத்தங்கரையில் அண்ணனிடம் சொன்ன அதே குரலில், வாய்க்காலில் தண்ணீர் ஓடுவதுபோல் சொல்லிக்கொண்டே போனாள். எண்ணெய் முப்பது குடம், வடக்கு வாசலுக்குக் கீல், கிழக்குப் படைக்குப் பழைய தலைவனே தொடரலாம், மழைக்கு முன் அகழி தூர்வார வேண்டும்... எங்கும் தட்டவில்லை. முடித்துக் கண்ணைத் திறந்தாள்.

சங்கிலியின் முதலை மறுபடி ஒரு முறை வந்து போனது. "முப்பத்தொன்பதுதான்!" என்றார் பிரதானி, முகம் மலர்ந்து. "ஒன்று குறைகிறது, மகாராஜா! முப்பத்தொன்றாவது, யானைக் கொட்டிலுக்குக் கரும்பு. அது வரவில்லை!"

"அது நீங்க சொல்லல சாமி" என்றாள் ஒச்சாயி. "நேத்து முப்பதச் சொல்லிட்டு இருமுனீங்க. இருமி முடிச்சு நேரா முப்பத்திரண்டுக்குப் போயிட்டீங்க. சொல்லாதத எப்படி நான் திருப்பிச் சொல்றது?"

"ஆமாம், இருமினார்!" என்று கீழ்மண்டபத்தில் பத்துப் பேர் கத்தினார்கள். "கரும்ப முழுங்கிட்டாரு!"

ராஜா கையை நீட்டினார். "அந்த ஓலையை இப்படிக் கொடும். நாம் விலக்கிய ஓலை உம் இடுப்பில் என்ன செய்கிறது?"

"ஒரு... ஒரு ஞாபகத்துக்காக, மகாராஜா."

"அடடா" என்றார் ராஜா. "அப்படியானால் அந்த ஆட்டை உடனே அழைத்து வாருங்கள்!"

அவ்வளவுதான், அடக்கி வைத்த சிரிப்பு அணையுடைத்துக்கொண்டது. ராஜா சிரித்தார், இருமினார், கிரீடம் கழன்று மடியில் விழ விழச் சிரித்தார். பாதியில் சட்டென்று நிறுத்தினார். "கொப்பையா, சிரித்துவிட்டேனே. நியாயம் எழுந்து போய்விட்டதா?"

சங்கிலி கூவும்வரை காத்திருந்து கொப்பையன் சொன்னார்: "இன்று நியாயம் முதலில் வந்து உட்கார்ந்துவிட்டது, மகாராஜா. தாங்கள் தாராளமாகச் சிரிக்கலாம்."

ஒச்சாயி சொல்தூதர் ஆனாள். செப்பேட்டுக்கென்று உருக்கி வைத்திருந்த செம்பில் அவளுக்கு ஒரு காப்பு வார்க்கச் சொன்னார் ராஜா. பிறகு தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றினார். "உனக்கு, கொப்பையா."

"மாலை வேண்டாம், மகாராஜா. இந்த ஊர்ச்சொல் வேண்டாம். ஒருவர் வாய் திறக்குமுன் அவரைப் பெற்றவள் பெயரைக் கூவட்டும், அது போதும். முதலில் எனக்கு."

"ஆகட்டும்" என்றார் ராஜா. "உன் ஆத்தாள் பேர் என்ன?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்பது அவருக்கே உறைத்தது. பன்னிரண்டு வருஷத்துக் கேள்வி. சபையில் சிலருக்கு வாய் பழக்கத்தில் சிரிப்புக்குத் தயாராகிவிட்டது. கொப்பையனுக்கு நாக்கு முதல் நாள் போலவே வறண்டது. சிரிக்கிறவன் சிரிக்கட்டும் என்று நிமிர்ந்து நின்றார்.

"தவிட்டாயி" என்றார். "என்னைப் பெற்றவள் பேர் தவிட்டாயி, மகாராஜா. முதல் நாள் ஒரு மூச்சு நேரம் வரவில்லை; அதற்குப் பிறகு ஒரு நாளும் மறந்ததில்லை. மறந்ததாகச் சொல்லித்தான் பிழைத்தேன். இனிச் சொல்ல மாட்டேன். வேறு விகடம் எவ்வளவோ இருக்கிறது; இன்று பார்த்தீர்களே."

யாரும் சிரிக்கவில்லை. ராஜா முத்துமாலையை அவர் கழுத்தில் தாமே போட்டார். கொப்பையன் வணங்கிவிட்டு விறுவிறுவென்று சபையை விட்டு வெளியே போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்று எல்லாரும் பதறினார்கள். அவரோ பெரிய வாசலுக்கு வெளியே போய், திரும்பி, உள்ளே வரத் தயாராக நின்றுகொண்டு சங்கிலிக்குக் கண்காட்டினார்.

சங்கிலி நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துக் கூவினார், அக்கரைக்கே கேட்கும்படி.

"சேற்றங்கரைத் தவிட்டாயி மகன் கொப்பையன் வருகிறார்!"

கொப்பையன் உள்ளே நடந்து வந்தார்.

இப்படியாக அந்த ராஜாவும் சிரித்து வாழ்ந்தார், இவர்களும் நிமிர்ந்து வாழ்ந்தார்கள். அந்தப் பழைய ஊர்ச்சொல்லா? எங்கே, இப்போது திருப்பிக் கேட்டால் எனக்கே சரியாக வரமாட்டேன் என்கிறது. தவிட்டாயி பேர் மட்டும் மறக்கவில்லை.